வில்னியஸ் ஜால்கிரிஸ்: ஐரோப்பியக் குழுச் சுற்றை எட்ட ஒரு லிதுவேனியக் கிளப்புக்கு 2022 வரை ஆனது ஏன்?

2022 ஜூலையில் லிதுவேனியத் தலைநகர் வில்னியஸின் ஜால்கிரிஸ் கிளப், ஸ்வீடனின் மால்மோ அணியை இரண்டு ஆட்டங்களிலும் தோற்கடித்தது. உள்ளூரில் 1–0, மால்மோவில் 2–0. அதோடு ஆடவர் கால்பந்தில் ஐரோப்பியப் போட்டியொன்றின் குழுச் சுற்றில் இடம்பிடித்த முதல் லிதுவேனியக் கிளப் என்ற பெயர் அதற்கு உறுதியானது. அடுத்து நடந்ததுதான் பலரைக் குழப்பியது. அடுத்த இரண்டு தகுதிச் சுற்றுகளிலும் ஜால்கிரிஸ் தோற்றது. ஆனாலும் குழுச் சுற்றில் ஆடியது.

கிளப்பைப் பற்றித் தேடிப் படிப்பவருக்கு வேறு கேள்விகளும் எழும். 1947இல் தொடங்கிய கிளப்பின் சாம்பியன் பட்டங்கள் 1991இலிருந்துதான் தொடங்குகின்றன. அதே பெயரில் புகழ்பெற்ற கூடைப்பந்து அணி ஒன்று வேறொரு நகரத்தில் இருக்கிறது. 2009இல் கிளப் விழுந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. இவை தனித்தனிப் புதிர்கள் அல்ல. சோவியத் விளையாட்டு அமைப்பு எப்படி இயங்கியது, 1990இல் அதிலிருந்து லிதுவேனியா எப்படி வெளியேறியது என்று தெரிந்தால் பெரும்பாலானவை தெளிந்துவிடும்.

ஒரே பெயரில் பல அணிகள்

ஜால்கிரிஸ் என்பது ஒரு போர்க்களத்தின் பெயர். 1410 ஜூலை 15 அன்று லிதுவேனிய, போலந்துப் படைகள் ஜெர்மானிய டியூட்டானிக் வீரர் சபையை முறியடித்த போர் அது. உலக வரலாற்று நூல்களில் கிரன்வால்ட் போர் என்று வரும். லிதுவேனியர்களுக்கு இதைவிடப் பெருமைக்குரிய வெற்றி வேறில்லை.

சோவியத் ஆட்சியில் விளையாட்டு அணிகள் தனியாருடையவை அல்ல. ஒவ்வோர் அணியும் ஏதாவதொரு விளையாட்டுச் சங்கத்தின் கீழ் இயங்கியது. தினமோ உள்துறை, காவல் அமைப்புகளைச் சார்ந்தது. ஸ்பார்டக் தொழிற்சங்கங்களையும் கூட்டுறவுகளையும் சார்ந்தது. இவை தவிர, சோவியத் ஒன்றியத்தில் அடங்கிய குடியரசுகளுக்கென்று தனிச் சங்கங்களும் இருந்தன: லாட்வியாவில் தௌகாவா, எஸ்தோனியாவில் காலெவ், லிதுவேனியாவில் ஜால்கிரிஸ். ஜெர்மனியோடு போர் நடந்துகொண்டிருந்த 1944இல் அந்தச் சங்கம் தொடங்கியபோது, ஜெர்மானியரை வென்ற போரின் பெயர் மாஸ்கோவுக்கும் உறுத்தவில்லை. லிதுவேனியரோ அதைத் தங்கள் நாட்டின் பெயராகவே உணர்ந்தார்கள். ஒரே சொல்லை ஆட்சியும் மக்களும் வெவ்வேறு பொருளில் ஏற்றுக்கொண்டது பிற்காலத்தில் பெரிய விளைவுகளைத் தந்தது.

எனவே இன்றைய செய்திகளில் மூன்று அணிகளைப் பிரித்தறிய வேண்டும்:

1. கௌனாஸ் நகரத்தின் ஜால்கிரிஸ் கூடைப்பந்து அணி. ஆர்விதாஸ் சபோனிஸ் ஆடிய அணி இதுதான். 1999இல் யூரோலீக் கோப்பையை வென்றது.
2. அதே கௌனாஸ் நகரத்தின் கௌனோ ஜால்கிரிஸ் கால்பந்து கிளப்.
3. வில்னியஸின் ஜால்கிரிஸ் கால்பந்து கிளப். இந்தக் கட்டுரை இதைப் பற்றியது.

லிதுவேனியாவில் முதலிடம் கூடைப்பந்துக்குத்தான். கால்பந்து அதன் நிழலில் வளர்ந்த ஆட்டம். பின்னால் வரப்போகும் பணக் கணக்கைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

சோவியத் லீக்கில் ஒரு குடியரசின் அணி

1947இல் தினமோ என்ற பெயரில் கிளப் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஸ்பார்டகாஸ் ஆனது. 1962இல்தான் ஜால்கிரிஸ் என்ற பெயர் வந்தது. வீரர்களோ ரசிகர்களோ கேட்டு வந்த மாற்றங்கள் அல்ல இவை. எந்தச் சங்கத்தின் கீழ் அணி இருக்க வேண்டும் என்ற நிர்வாக முடிவுகள்.

சோவியத் கால்பந்து இரண்டு தளங்களில் நடந்தது. மேலே, நாடு முழுவதற்குமான ஒன்றிய லீக். அதில் பல நிலைகள் உண்டு. கீழே, ஒவ்வொரு குடியரசுக்குள்ளும் நடக்கும் உள்ளூர் சாம்பியன்ஷிப். ஜால்கிரிஸ் மேல்தளத்தில் ஆடியது. ஆகவே லிதுவேனியக் குடியரசின் சாம்பியன் பட்டங்களை உள்ளூர் அணிகள் வென்றுகொண்டிருந்தன. பட்டப் பட்டியல் 1991இல் தொடங்குவதற்குக் காரணம் இதுவே. அதுவரை ஜால்கிரிஸ் சும்மா இருக்கவில்லை. பல மடங்கு கடினமான இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அங்கே நிலைப்பது எளிதாக இருக்கவில்லை. 1953இல் உச்சநிலை லீக்கில் ஒரே ஒரு சீசன். குடியரசுகளின் அணிகளுக்கு இடம் தர லீக் விரிவாக்கப்பட்டபோது 1960 முதல் 1962 வரை மீண்டும் ஒரு வாய்ப்பு. அதன் பிறகு இருபது ஆண்டுகள் கீழ்நிலைகளில் கழிந்தன. ஒரு கட்டத்தில் மூன்றாம் நிலை வரை இறங்கியது.

அந்த மூன்றாம் நிலையில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1977 அக்டோபரில், சோவியத் தலைவர் பிரெஷ்னேவின் புதிய அரசியல் சாசனம் நிறைவேறிய அதே நாட்களில், பெலாரூஸின் வித்தெப்ஸ்க் நகர அணியுடன் வில்னியஸில் ஆட்டம் நடந்தது. ஆட்டம் முடிந்து வெளியே வந்த கூட்டம் சோவியத் எதிர்ப்பு முழக்கங்களோடு தெருக்களில் நடந்தது. பலர் பிடிக்கப்பட்டார்கள். பொதுக்கூட்டத்துக்கு அனுமதியில்லாத நாட்டில், ஆயிரக்கணக்கானோர் சட்டப்படி ஒன்றுகூடி உரக்கக் கத்தக்கூடிய அரிய இடங்களில் ஒன்று கால்பந்து மைதானம். அங்கே கத்தும் சொல்லோ ‘ஜால்கிரிஸ்’. தடை செய்ய முடியாத சொல் அது. அரசே வைத்த பெயரல்லவா!

1982 முதல் 1989 வரை

பெஞ்சமினாஸ் ஸெல்கேவிச்யுஸ் பயிற்றுவித்த அணி 1982இல் ஒன்றியத்தின் இரண்டாம் நிலை லீக்கை வென்று மேலே வந்தது. 1983 முதல் 1989 வரை ஏழு சீசன்கள் தொடர்ந்து உச்சநிலையில் நின்றது. கீவ் தினமோ, மாஸ்கோ ஸ்பார்டக், திபிலிசி தினமோ போன்ற அணிகள் இருந்த லீக் அது. அங்கிருந்த வீரர்கள்தான் சோவியத் தேசிய அணிக்குப் போனார்கள்.

1987 அந்தத் தலைமுறையின் உச்சம். ஸ்பார்டக் முதலிடம், உக்ரைனின் தினிப்ரோ இரண்டாமிடம், ஜால்கிரிஸ் மூன்றாமிடம். அதே ஆண்டு ஸாக்ரெப் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளில் சோவியத் ஒன்றியத்தின் சார்பில் ஆடியதும் இந்த அணிதான், தங்கத்தோடு திரும்பியது. அடுத்த ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியில் ஆர்மினாஸ் நர்பேகோவாஸும் ஆர்விதாஸ் யனோனிஸும் இருந்தார்கள். இத்தாலிக்கு எதிரான அரையிறுதியில் நர்பேகோவாஸ் ஒரு கோல் அடித்தார். ஐரோப்பியக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்ற 1988 சோவியத் அணியில் ஜால்கிரிஸின் சுக்ரிஸ்தோவாஸ் இருந்தார்.

மூன்றாமிடம் யூஃபா கோப்பைக்கு வழி திறந்தது. யூஃபா என்பது ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சுருக்கப்பெயர். அப்போது அந்தப் போட்டியில் குழுச் சுற்று கிடையாது. முதல் ஆட்டத்திலிருந்தே தோற்றால் வெளியேற்றம்தான். 1988இல் ஆஸ்திரியா வியன்னா என்ற கிளப்பை உள்ளூரில் 2–0 என்று வென்றுவிட்டு வியன்னாவில் 2–5 என்று தோற்று வெளியேறியது. 1989இல் ஸ்வீடனின் கோதன்பர்க் அணியை வெளியேற்றியது. அடுத்த சுற்றில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் தடுத்தது. அந்த கோதன்பர்க் 1987இல் யூஃபா கோப்பையையே வென்ற கிளப் என்பதை நினைத்தால், அன்றைய ஜால்கிரிஸின் தரம் விளங்கும்.

1990 மார்ச்: ஓர் ஆட்டத்தோடு விலகல்

1990 சோவியத் சீசன் தொடங்கி, ஜால்கிரிஸ் ஓர் ஆட்டம் ஆடியது. மார்ச் 11 அன்று லிதுவேனிய நாடாளுமன்றம் சுதந்திரத்தை மீட்டெடுத்ததாக அறிவித்தது. கிளப் சோவியத் லீக்கிலிருந்து விலகியது. ஜார்ஜியாவின் திபிலிசி தினமோவும் அதே ஆண்டு விலகியது.

பிரிந்து செல்லும் நாட்டின் அணி, எந்த நாட்டிலிருந்து பிரிகிறதோ அந்த நாட்டின் சாம்பியன்ஷிப்பில் ஆட முடியாது என்ற முடிவு அரசியலாகச் சரியானது. கிளப்புக்கு நேர்ந்த விளைவுகளோ கடுமையானவை:

1. எதிரணிகளின் தரம் ஒரே நாளில் மாறியது. கீவ், மாஸ்கோ அணிகளுக்குப் பதிலாக பால்டிக் குடியரசுகளின் அணிகளுக்கென அவசரமாக அமைத்த பால்டிக் லீக். ஜால்கிரிஸ் அதை எளிதாக வென்றது.
2. ஐரோப்பியக் கதவு மூடியது. லிதுவேனியச் சங்கத்துக்குப் பன்னாட்டு அங்கீகாரம் மீண்டும் கிடைக்கும்வரை ஐரோப்பியப் போட்டிகளில் இடமில்லை. 1992–93 சீசனில்தான் மறுபடியும் ஆட முடிந்தது.
3. வீரர்கள் போனார்கள். 1990இலேயே நர்பேகோவாஸும் வால்தாஸ் இவனாவ்ஸ்காஸும் ஆஸ்திரியா வியன்னாவுக்குச் சென்றார்கள், இரண்டாண்டுகளுக்கு முன் தங்களை வெளியேற்றிய அதே கிளப்புக்கு.

1992இல் சுதந்திர நாட்டின் சாம்பியனாக ஜால்கிரிஸ் நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவனைச் சந்தித்தது. 0–6, 0–2. கோதன்பர்க்கை வென்று மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இந்த வீழ்ச்சிக்கு விலகலையே முழுக் காரணமாகக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. சோவியத் லீக் 1991 சீசனோடு தானே இல்லாமல் போனது. ஜால்கிரிஸ் விலகாமல் இருந்திருந்தாலும் அதிகபட்சம் இரண்டு சீசன்கள்தான் கூடக் கிடைத்திருக்கும். உண்மையான காரணம் அளவு. கடைசிவரை சோவியத் லீக்கில் இருந்த கீவ் தினமோவுக்குப் பின்னால் ஐந்து கோடி மக்கள் கொண்ட உக்ரைன் இருந்தது. ஜால்கிரிஸுக்குப் பின்னால் நாற்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் கொண்ட, கூடைப்பந்தை விரும்பும் நாடு இருந்தது. சோவியத் காலத்தில் ஒரு குடியரசின் ஆதரவு முழுவதும் ஒரே அணியில் குவிந்தது. நாட்டுக்கென்று தனி லீக் வந்ததும் அந்த ஆதரவு பல நகரங்களுக்கும் பல கிளப்புகளுக்கும் பிரிந்தது.

பட்டமில்லாத ஆண்டுகள்

1991, 1991–92 என்று இரண்டு பட்டங்களை ஜால்கிரிஸ் வென்றது. பிறகு 1998–99இல் ஒன்று. அதன் பின் 2013 வரை எதுவுமில்லை. கிளப்பிலிருந்து கிளம்பிய எட்கராஸ் யன்கௌஸ்காஸ் 2004இல் போர்ச்சுகலின் போர்ட்டோ அணியோடு, ஐரோப்பியக் கிளப் போட்டிகளில் உயர்ந்ததான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றார். ஊரில் அவருடைய பழைய கிளப் பட்டம் காணாமல் தவித்தது.

அந்தக் காலத்தை ஆண்டவை இரண்டு அணிகள். வங்கி அதிபர் விளாதிமிர் ரொமனோவின் பணத்தில் நின்ற எஃப்பிகே கௌனாஸ் ஒன்று. 2008இல் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அணியையே சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் வெளியேற்றிய அணி அது. மற்றொன்று, 2008 முதல் 2012 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள் வென்ற பனெவேஜிஸ் நகரத்தின் எக்ரானாஸ். இரண்டுமே இன்று அந்த வடிவில் இல்லை. எஃப்பிகே கௌனாஸ் 2009இல் கீழ்நிலைக்குப் போய்ப் பிறகு மறைந்தது. எக்ரானாஸ் 2015இல் திவாலானது. வில்னியஸிலேயே ஆடிய வேத்ரா 2010இல் முடிந்துபோனது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரு முறை தெரியும். டிக்கெட் வருமானமும் தொலைக்காட்சி வருமானமும் சொற்பமாக இருக்கும் லீக்கில் கிளப் ஒரே ஒரு முதலாளியின் பணத்தில் நிற்கிறது. அவர் விலகினால் தாங்குவதற்கு வேறொன்றும் இல்லை. ஜால்கிரிஸும் இதற்கு விலக்கல்ல.

2009: விழுந்தது எது, எழுந்தது எது?

பண நெருக்கடியில் சிக்கிய கிளப் 2009இல் முதல்நிலை லீக்கில் தன் இடத்தை இழந்தது. பழைய நிறுவனத்தைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும், ரசிகர்களின் முன்முயற்சியில் விஎம்எஃப்டி ஜால்கிரிஸ் என்ற புதிய அமைப்பு உருவானது. அது இரண்டாம் நிலையில் ஆடி, 2010இல் முதல்நிலைக்குத் திரும்பியது. சில ஆண்டுகளில் அந்த முன்னெழுத்துகள் விடப்பட்டு, எஃப்கே ஜால்கிரிஸ் என்ற பெயர் மீண்டது.

அப்படியானால் இது 1947இன் கிளப்பா, 2009இன் கிளப்பா? கேள்வியை மூன்றாகப் பிரித்தால் தெளிவு கிடைக்கும்.

முதலாவது, சட்டம். நிறுவனப் பதிவின்படி இது புதியது. கடன்களைக் கொண்டது பழைய நிறுவனம். இரண்டாவது, புள்ளிவிவரம். பட்டங்களை எண்ணும்போது 1991 முதல் தொடர்ச்சியாகவே கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் 2024 வரை 11 பட்டங்கள். மூன்றாவது, மக்கள். அதே நகரம், அதே பச்சை வெள்ளை நிறம், சோவியத் காலத்திலிருந்தே மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் நின்று பாடிய ரசிகர் கூட்டத்தின் தொடர்ச்சி.

மூன்றாவதற்கே அதிக எடை தருகிறேன். சோவியத் ஆட்சி 15 ஆண்டுகளில் மூன்று பெயர்களை வைத்தது, சங்கங்களை மாற்றியது, 1990இல் நாடே மாறியது. அப்போதெல்லாம் கிளப் அறுந்துபோனதாக யாரும் சொல்லவில்லை. பதிவு எண் மாறியதை மட்டும் முறிவாகப் பார்ப்பது பொருந்தாது. எக்ரானாஸுக்கும் வேத்ராவுக்கும் முதலாளிகள் இருந்தார்கள். ஜால்கிரிஸுக்கோ, முதலாளி போன பிறகும் அதைத் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றவர்கள் இருந்தார்கள்.

மீண்டும் மேலே

போலந்துப் பயிற்சியாளர் மாரெக் ஸூபின் கீழ் 2013இல் பட்டம் வந்தது. அந்த ஆண்டே போலந்தின் லெக் போஸ்னானை வெளியேற்றி, யூரோப்பா லீகின் (பழைய யூஃபா கோப்பையின் புதிய பெயர்) கடைசித் தகுதிச் சுற்று வரை போய் ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க்கிடம் வீழ்ந்தது. பிறகு வால்தாஸ் தம்பிரௌஸ்காஸ் அணியை 2016 வரை தொடர்ந்து சாம்பியனாக வைத்திருந்தார். 2017 முதல் 2019 வரை மரியாம்போலே நகரத்தின் சூதுவா முன்னேறியது. அதுவும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கடைசித் தகுதிச் சுற்று வரை போய் மூன்று முறையும் தோற்றது. 2020, 2021, 2022 மறுபடி ஜால்கிரிஸ்.

ஆக, லிதுவேனியக் கிளப்புகள் குழுச் சுற்றின் வாசல்வரை பலமுறை போயிருந்தன. 2022இல் மாறியது என்ன?

இரண்டு முறை தோற்றும் உள்ளே போன வழி

2021இல் யூஃபா மூன்றாவது போட்டியாக கான்ஃபரன்ஸ் லீகைத் தொடங்கியது. சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக் இரண்டுக்கும் கீழே உள்ள இதில், சிறிய நாடுகளின் கிளப்புகளுக்கு அதிக இடம் கிடைத்தது. கூடவே, தகுதிச் சுற்றில் ‘சாம்பியன் பாதை’ என்ற தனி வழி உண்டு. சிறிய நாட்டின் சாம்பியன், பெரிய லீக்கின் மூன்றாம், நான்காம் இடத்து அணியோடு மோத வேண்டியதில்லை. வேறு நாடுகளின் சாம்பியன்களோடு மட்டும் மோதும். தோற்றால் ஒரு படி கீழே உள்ள போட்டிக்கு இறங்கும்.

கஸக்ஸ்தானைச் சேர்ந்த விளாதிமிர் செபுரினின் பயிற்சியில் ஜால்கிரிஸ் கடந்த படிகள் இவை:

1. சாம்பியன்ஸ் லீக் முதல் தகுதிச் சுற்று: கொசோவோவின் பால்கனியை, கூடுதல் நேரம் வரை போராடி வென்றது.
2. இரண்டாம் சுற்று: மால்மோவை மொத்தத்தில் 3–0 என்று வென்றது.
3. மூன்றாம் சுற்று: நார்வேயின் போடோ கிளிம்டிடம் 0–5, 1–1 என்று தோற்றது. யூரோப்பா லீக் கடைசித் தகுதிச் சுற்றுக்கு இறங்கியது.
4. அங்கே பல்கேரியாவின் லுடோகோரெட்ஸிடம் கூடுதல் நேரத்துக்குப் பிறகு ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றது. கான்ஃபரன்ஸ் லீக் குழுச் சுற்றுக்கு இறங்கியது.

இரண்டாம் படியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. மால்மோவை வென்றவருக்கு, அதன் பிறகு எல்லாவற்றிலும் தோற்றாலும், குழுச் சுற்று உறுதி. அதனால்தான் மால்மோ ஆட்டம் முடிந்த இரவிலேயே லிதுவேனியாவில் கொண்டாடினார்கள். இதை வெறும் விதியின் சலுகை என்று சொல்வது நியாயமல்ல. மால்மோ அதற்கு முந்தைய சீசனில் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றிலேயே ஆடிய அணி. முந்தைய ஆண்டு இதே விதிகள் இருந்தபோதும் ஜால்கிரிஸ் கடைசித் தகுதிச் சுற்றில் இதே போடோ கிளிம்டிடம் தோற்று வெளியே நின்றது.

குழுவில் ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவன் பிராட்டிஸ்லாவா, சுவிட்சர்லாந்தின் பாஸல், ஆர்மீனியாவின் ப்யூனிக். ஒரு வெற்றி, இரண்டு டிரா, ஐந்து புள்ளிகளோடு ஜால்கிரிஸ் நான்காமிடம் பெற்றது.

பணமும் மைதானமும்

குழுச் சுற்றில் நுழைந்தாலே ஒவ்வொரு கிளப்புக்கும் 29.4 லட்சம் யூரோ கிடைக்கும் என்பது அன்றைய விதி. வெற்றிக்கு 5 லட்சம், டிராவுக்கு 1.66 லட்சம் தனி. மேற்கு ஐரோப்பியக் கிளப்புக்கு இது ஒரு சுமாரான வீரரின் விலை. பத்து அணிகள் ஆடும் சிறிய லீக்கின் கிளப்புக்கோ இது பெருந்தொகை. அதே பணம் லீக்கின் மற்ற அணிகளுக்கும் ஜால்கிரிஸுக்கும் இடையிலான இடைவெளியை அகலமாக்கவும் செய்யும். சிறிய நாடுகள் பலவற்றிலும் ஒரே கிளப் ஆண்டுதோறும் வெல்வதற்கு இந்தப் பரிசுப் பணம் ஒரு காரணம். லிதுவேனியாவில் அது இன்னும் நடக்கவில்லை. 2023 பட்டம் பனெவேஜிஸுக்குப் போனது. 2024இல்தான் ஜால்கிரிஸ் அதை மீட்டது.

மைதானக் கதை இதைவிட வருத்தமானது. 1950இல் திறக்கப்பட்ட ஜால்கிரிஸ் மைதானம், 1980களின் கூட்டங்களைக் கண்ட இடம், 2016இல் இடிக்கப்பட்டது. வில்னியஸுக்கு ஒரு பெரிய தேசிய மைதானம் கட்டும் வேலை 1987இல் தொடங்கியது. சோவியத் ஒன்றியத்தோடு அதுவும் நின்றது. 2008இல் மீண்டும் தொடங்கி மீண்டும் நின்றது. பல்லாண்டுகளாகத் தலைநகரின் கிளப் ஆடிவருவது, வேத்ரா விட்டுச்சென்று கால்பந்துச் சங்கம் ஏற்றுக்கொண்ட மைதானத்தில். செயற்கைப் புல், சுமார் 5,000 இருக்கைகள். ஐந்தாயிரம் பேருக்கு மேல் டிக்கெட் விற்க முடியாத கிளப், டிக்கெட் வருமானத்தில் நிற்கவே முடியாது. அதனால் ஒவ்வொரு கோடையிலும் ஐரோப்பியத் தகுதிச் சுற்றின் நான்கைந்து ஆட்டங்கள்தான் அடுத்த ஆண்டு வரவுசெலவைத் தீர்மானிக்கின்றன. ஜால்கிரிஸின் சீசனைப் பின்தொடர விரும்புபவர்கள் லீக் பட்டியலைவிட ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் அந்த ஆட்டங்களைக் கவனிப்பது பயன் தரும்.